தண்ணீர் குடிக்காத எலி: காப்பாற்றுவது சிறுநீரகமா, மூக்கா, வளையா?

#1 – கள்ளிக்காடு

வட அமெரிக்கப் பாலைவனத்தில் பின்னங்காலால் துள்ளித் திரியும் கங்காரு எலி ஆயுள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் காய்ந்த விதையைத் தின்றே வாழும், காரணம் அதன் சிறுநீரகம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு மூன்று இடத்தில் இடிக்கிறது.

விதையிலிருந்து தண்ணீர் வருகிறது என்றால் எவ்வளவு? எண்ணெய் வித்தில் அதிகம் கிடைக்கும் என்கிறார்களே, அப்படியானால் எலி எண்ணெய் வித்தையே தேட வேண்டாமா? அடுத்தது வளை. எவ்வளவு ஆழத்தில் வெயில் எட்டாது? கடைசியாக, நம் ஊர் வெள்ளெலியும் (புன்செயில் வளை தோண்டும் எலி, ஆய்வகத்து வெள்ளை எலி இல்லை) இதே ரகமா?

கணக்கோடு பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "இயற்கையின் அதிசயம்" வேண்டாம்.

#2 – எண்கணக்கன்

முதல் கேள்விக்கு ஒரு பழைய வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. 1940களின் பிற்பகுதியில் இருந்து அரிசோனாவில் நுட் ஷ்மித்-நீல்சன், போடில் ஷ்மித்-நீல்சன் இருவரும் மெரியாம் கங்காரு எலி என்ற இனத்தை வைத்துப் போட்டது. எலியின் எடை 40 கிராமை ஒட்டித்தான் இருக்கும். 25 டிகிரி செல்சியஸ், 20% ஈரப்பதம் உள்ள காற்றில் 100 கிராம் பார்லி தின்ன அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்த 100 கிராமுக்கு:

வரவு: பார்லி உடலில் எரிந்து உண்டாகும் நீர் 54 மில்லி, விதை காற்றிலிருந்து உறிஞ்சி வைத்திருந்த ஈரம் 6 மில்லி. மொத்தம் 60.
செலவு: சிறுநீர் 13.5, புழுக்கை 2.6, மூச்சிலும் தோலிலும் ஆவியாவது 43.9. மொத்தம் 60.

செலவுப் பக்கத்தைக் கவனியுங்கள். நான்கில் மூன்று பங்கு ஆவியாகத்தான் போகிறது. எல்லாரும் சிறுநீரகத்தைப் பாடுகிறார்கள், ஆனால் பெரிய ஓட்டை மூக்கில் இருக்கிறது. அதை அடைக்காமல் சிறுநீரகத்தால் ஒன்றும் ஆகாது.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். 100 கிராம் பார்லியை எரிக்க 81 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஆக்சிஜன் வேண்டும். வறண்ட காற்றில் கங்காரு எலி ஒரு மில்லி ஆக்சிஜனுக்கு 0.54 மில்லிகிராம் நீரை ஆவியாக இழக்கிறது. ஆய்வகத்து வெள்ளை எலி இழப்பது 0.94. பெருக்கினால் கங்காரு எலிக்கு 44 மில்லி, வெள்ளை எலிக்கு 76 மில்லி. வரவே 60தான். அதாவது வெள்ளை எலி சிறுநீரே கழிக்காவிட்டாலும் கணக்கில் துண்டு விழும். கங்காரு எலியின் சிறுநீரகத்தை எடுத்து வெள்ளை எலிக்கு வைத்தாலும் அது பிழைக்காது.

#3 – கள்ளிக்காடு

இது புதிது, நன்றி. எண்ணெய் வித்து?

#4 – எண்கணக்கன்

பலரும் தடுக்கி விழும் இடம் அது. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் 1.07 கிராம் நீர், ஒரு கிராம் மாவுச்சத்து எரிந்தால் 0.56 கிராம் நீர். கிராமுக்குக் கிராம் பார்த்தால் கொழுப்பு இரட்டிப்பு லாபம் மாதிரி தெரியும்.

ஆனால் எலி கிராமுக்காகத் தின்பதில்லை, சக்திக்காகத் தின்கிறது. அது செலவழிக்கும் ஒவ்வொரு கலோரிக்கும் மூச்சு விட வேண்டும், மூச்சு விட்டால் நீர் போகும். ஒரு கிராம் கொழுப்பை எரிக்க சுமார் 2 லிட்டர் ஆக்சிஜன். மாவுச்சத்துக்கு 0.83 லிட்டர். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு என்று பார்த்தால் மாவுச்சத்தில் 0.67 கிராம் நீர், கொழுப்பில் 0.53 கிராம். மேலே சொன்ன ஆவி இழப்பு லிட்டருக்கு 0.54 கிராம். ஆக வறண்ட காற்றில் வெறும் கொழுப்பைத் தின்றால் வந்தது மூச்சோடே போய்விடும், சிறுநீருக்கு மிச்சமில்லை. மாவுச்சத்தில் லிட்டருக்கு 0.13 கிராம் கையில் நிற்கும்.

புரதம் இன்னும் மோசம். கிராமுக்கு 0.4 நீர்தான், அதோடு யூரியாவை வெளியேற்றத் தனியாக நீர் செலவு. அதனால்தான் சோதனையில் விதைகளைப் பல வகையாக வைத்தபோது மெரியாம் கங்காரு எலி மாவுச்சத்து மிகுந்ததை எடுத்தது, புரதம் மிகுந்ததை ஒதுக்கியது. ஒட்டகத் திமிலில் இருப்பது கொழுப்பு, அது எரிந்து தண்ணீர் தரும் என்ற கதையும் இதே கணக்கில் அடிபட்டுப் போகும்.

#5 – நெஃப்ரான்

எண்கணக்கன் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் சிறுநீரகத்தை ஒரேயடியாக ஓரங்கட்டாதீர்கள். 13.5 மில்லிக்குள் ஒரு மாதக் கழிவு முழுவதையும் அடக்குவது சின்ன வேலையா?

கங்காரு எலியின் சிறுநீர் செறிவு லிட்டருக்கு 5,500 மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் பொருளின் அளவு) வரை போகும். மனிதனுக்கு 1,400தான் உச்சம், கடல்நீர் 1,000க்குச் சற்று மேல். நாம் கடல்நீர் குடித்தால் சாவோம், அது குடித்தால் லாபம் பார்க்கும். வெறும் பேச்சில்லை, செய்து பார்த்திருக்கிறார்கள். சோயாவை மட்டும் கொடுத்துப் புரதச் சுமையை ஏற்றினார்கள். இப்போது அதற்கும் தாகம் எடுத்தது. கடல்நீரை வைத்தார்கள், குடித்தது, எடை குறையாமல் நின்றது.

அமைப்பு எளிது. சிறுநீரகத்தின் உட்பகுதி தடித்து, ஒற்றைக் கூம்பாகக் கீழே நீண்டிருக்கும். ஹென்லே வளைவு (சிறுநீரக நுண்குழாய் கீழே இறங்கித் திரும்பும் பகுதி) எவ்வளவு நீளமோ அவ்வளவு உப்புச் செறிவை அடியில் கட்ட முடியும். சிறுநீரகத்தின் அளவை வைத்து உட்பகுதியின் தடிப்பை ஒப்பிடும் எண் ஒன்று உண்டு: தண்ணீரிலேயே கிடக்கும் பீவருக்கு 1.3, மனிதனுக்கு 3, கங்காரு எலிக்கு 8.5. ஆஸ்திரேலியாவின் தாவும் சுண்டெலி இன்னும் ஒரு படி மேலே போய் 9,000 மில்லிஆஸ்மோலைத் தாண்டும்.

புழுக்கையிலும் சிக்கனம்தான். வெள்ளை எலியின் புழுக்கையில் நீர் 70%ஐ ஒட்டி, இதனுடையதில் 45%.

#6 – செம்புலம்

மூக்கு எப்படி ஓட்டையை அடைக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்னால்தான் வளை ஏன் என்பது புரியும்.

உள்ளே இழுக்கும் காய்ந்த காற்று, குறுகலான மூக்குத் தடத்தின் ஈரச் சுவரில் உரசிப் போகும்போது நீரை ஆவியாக்கி, சுவரைக் குளிர்விக்கிறது. நுரையீரலில் அது 37 டிகிரிக்குச் சூடாகி, ஒரு கன மீட்டருக்கு 44 கிராம் ஆவியைச் சுமந்து திரும்புகிறது. வரும் வழியில் அந்தக் குளிர்ந்த சுவர். ஆவி அங்கேயே படிந்துவிடும். வெளியேறும் காற்று 25 டிகிரிக்கு இறங்கினால் அதில் மிஞ்சுவது 23 கிராம். பாதி நீர் மூக்கிலேயே மீட்கப்பட்டாயிற்று. நம் மூக்குத் தடம் அகலம், காற்றுக்கும் சுவருக்கும் இடைவெளி அதிகம், அதனால் நமக்கு இவ்வளவு மிச்சமாகாது. மண்பானை குளிர்வதும் மூடித் தட்டில் ஆவி வேர்ப்பதும் ஒரே குழாயில் மாறி மாறி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் என்னவென்றால், சுற்றுக் காற்று 35 டிகிரியானால் சுவரும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். 35 டிகிரிக் காற்று 40 கிராம் ஆவியைத் தாங்கும். 44க்கும் 40க்கும் என்ன பெரிய வித்தியாசம்? மூக்கு வேலை செய்ய வேண்டுமானால் எலி இருக்கும் இடம் குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். வளை அதற்குத்தான்.

இனி ஆழம். காய்ந்த மணலில் ஒரு நாளின் வெப்ப அலை 8 செ.மீ.க்கு ஒரு தடவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். மேல்மணல் ராத்திரி 25, நண்பகல் 65 என்று 40 டிகிரி ஊசலாடினால், 8 செ.மீ.யில் 15 டிகிரி, 30 செ.மீ.யில் ஒரு டிகிரி. அங்கே பகலும் ராத்திரியும் ஒன்றுதான். உச்ச வெப்பம் வந்து சேர்வதும் தாமதமாகும்: 8 செ.மீ.க்கு நாலு மணி நேரம், 30 செ.மீ.க்கு 14 மணி நேரம்.

ஒரு முழங்கைக்குக் குறைவான ஆழமே போதுமா என்றால், நாளுக்குப் போதும், வருடத்துக்குப் போதாது. கோடை குளிர் என்ற ஆண்டு அலைக்கு இதே சுருக்கம் நடக்க ஒன்றரை மீட்டர் வேண்டும் (365இன் வர்க்கமூலம் 19, 8 செ.மீ.யை 19ஆல் பெருக்குங்கள்). அரை மீட்டர் வளையில் இருக்கும் எலி நண்பகலிலிருந்து தப்பிக்கிறது, மே மாதத்திலிருந்து தப்பிப்பதில்லை.

#7 – நெஃப்ரான்

அந்தக் கடைசி வரிக்கு ஆதாரம் உண்டு. 2002இல் டிரேசி, வால்ஸ்பெர்க் இருவரும் சொனோரா பாலைவனத்தில் இதே மெரியாம் கங்காரு எலியைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அது ஆழத்தில் போய்ப் படுப்பதில்லை, ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் இருக்கிறது, கோடையில் வளைக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டுகிறது, 35ஐயும் தொடுகிறது. "வளை என்றால் குளிரூட்டிய அறை" என்ற பழைய பாடம் அந்த இடத்தில் பொருந்தவில்லை.

#8 – எண்கணக்கன்

அப்படியானால் #2 கணக்கே ஆட்டம் காணுமே. அது 25 டிகிரியில் போட்டது.

#9 – செம்புலம்

கணக்கு தப்பில்லை, நிபந்தனை மாறுகிறது. ஈரப்பதத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெளியே பகலில் 40 டிகிரி, 10% ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டரில் 5 கிராம் ஆவி. வளைக்குள் 30 டிகிரி, 50% என்றால் 15 கிராம். உள்ளே இழுக்கும் காற்றே மூன்று மடங்கு ஈரமாக வருகிறது, மூச்சில் நிகர இழப்பு அந்த அளவுக்குக் குறையும். விதையும் அந்த ஈரத்தை உறிஞ்சும். மேலே வெயிலில் கிடக்கும் விதையில் 5%தான் நீர் இருக்கும். அதையே ஈரமான அறையில் சில நாள் வைத்தால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறும். #2இல் 6 மில்லி என்று இருந்த வரவு அங்கே கூடும்.

சேமிப்பு வெறும் பஞ்சகாலத் தானியக்கிடங்கு என்று நினைக்க வேண்டாம், அது விதைக்கு ஈரம் ஏற்றும் இடமும்கூட. பட்டைவால் கங்காரு எலி மூன்று நாலு மீட்டர் அகல மண்மேடு கட்டி அதற்குள் கிலோ கணக்கில் விதை சேர்க்கும். ஈரம் கூடினால் பூஞ்சை பிடிக்குமே என்றால், பிடிக்கும். லேசாகப் பூஞ்சை பிடித்த விதையை அது விரும்பித் தின்கிறது. முழுக்கப் பூத்துப்போனால் ஒதுக்கிவிடும்.

#10 – வளைநோக்கி

அந்த 50% ஈரம் நிற்பதற்கு வளையின் வாய் அடைத்திருக்க வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டீர்கள். பகலில் உள்ளிருந்தே மண்ணைத் தள்ளி வாயை அடைப்பது கங்காரு எலிக்கும் உண்டு, நம் வெள்ளெலிக்கும் உண்டு. ஈரம் நிற்கும், பாம்பும் நுழையாது. வெள்ளெலி வளையில் இன்னொரு நுட்பம்: சில கிளைகளைத் தரைக்கு ஓரிரு அங்குலம் கீழே வரை தோண்டி அப்படியே விட்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் வாயே தெரியாது. ஒரு பக்கம் ஆபத்து வந்தால் மெல்லிய மண்கூரையை முட்டிக்கொண்டு வெளியே பாயும்.

#11 – புல்வெளி

அடைத்தால் மூச்சு முட்டாதா? பிரெய்ரி நாய்கள் இதற்கு நேர் எதிராகத்தானே செய்கின்றன? (பேர்தான் நாய், அணில் குடும்பம்.)

வட அமெரிக்கப் புல்வெளியில் அவற்றின் வளைக்கு இரண்டு வாய். ஒரு வாயைச் சுற்றி அகலமான தாழ்ந்த மேடு, இன்னொன்றைச் சுற்றி எரிமலைவாய் மாதிரிக் கூர் விளிம்போடு உயரமான மேடு. உயர்ந்த விளிம்பின் மேல் காற்று வேகமாக ஓடும், அங்கே அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் காற்று அந்தப் பக்கம் உறிஞ்சப்படும். தாழ்ந்த வாய் வழியாகப் புதுக்காற்று வரும். 1973இல் ஸ்டீவன் வோகலும் கூட்டாளிகளும் இதை அளந்தார்கள். வினாடிக்கு 0.4 மீட்டர், அதாவது இலை அசையாத காற்றுக்கே, பத்து நிமிடத்தில் வளை முழுக்கக் காற்று மாறிவிடுகிறது. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் ஓட்டம் ஒரே பக்கம்தான். மழைக்குப் பிறகு விளிம்பை மூக்கால் குத்திக் குத்தித் திருத்துவதும் இதற்காகத்தான் இருக்கும், வெறும் காவல்மேடு என்றால் கூர் விளிம்பு தேவையில்லை.

#12 – செம்புலம்

எதிர் இல்லை, மண் வேறு. பிரெய்ரி நாய் முக்கால் கிலோவுக்கு மேல் எடை, கூட்டமாக வாழ்வது, வளை பத்து மீட்டருக்கு மேல் நீளம், மண் இறுகலானது. அங்கே ஊடுருவி வரும் காற்று போதாது. கங்காரு எலியின் தேவையை #2இலிருந்தே எடுக்கலாம்: மாதம் 81 லிட்டர் ஆக்சிஜன், நாளுக்கு 2.7 லிட்டர், மணிக்கு 110 மில்லி. மணலில் ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம். அரை மீட்டர் காய்ந்த மணல் இவ்வளவு காற்றைத் தாராளமாக விடும். ஆக்சிஜன் வரும், ஈரம் அவ்வளவு சீக்கிரம் போகாது, ஏனென்றால் வளைச் சுவரை ஒட்டிய மண்ணிலும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது.

இதே எலியைக் களிமண்ணில் வைத்து வாயை அடைத்தால் கதை வேறு. மழை பெய்து களிமண் துளை அடைந்தால் கரியமில வாயு ஏறும். மணல் எலிகள் மணலை விட்டு நகராததற்குத் தோண்டும் வசதி மட்டும் காரணமில்லை.

#13 – கள்ளிக்காடு

வெட்டவெளியில் வாழ்வது பற்றி யாரும் தொடவில்லையே. தண்ணீர் சரி. மறைவே இல்லாத தரையில் ஆந்தையிடமிருந்து எப்படித் தப்பிக்கிறது?

#14 – நெஃப்ரான்

காதால். கங்காரு எலியின் மண்டையோட்டைப் பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஊதிய குமிழ் இருக்கும், நடுக்காதின் காற்றறை. இரண்டும் சேர்ந்தால் மூளையை விடப் பெரிது. செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைய இருந்தால் பறை இறுக்கமின்றி அசையும், தாழ்ந்த ஒலிக்கும் அசையும். 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை அதற்குக் கூர்மை. ஆந்தை பாயும் சிறகோசையும் விரியன் சீறிப் பாயும் முன் எழும் உரசலும் அந்த வரம்பில் வருகின்றன.

1962இல் டக்ளஸ் வெப்ஸ்டர் இதைச் சோதித்தார். நடுக்காதுக் குழியைக் களிமண் போன்ற பொருளால் நிரப்பிவிட்டு இருட்டில் ஆந்தையோடும் பக்கவாட்டில் நகரும் கிலுகிலுப்பை விரியனோடும் விட்டார். காது நலமாக இருந்தவை துள்ளித் தப்பின, அடைத்தவை பிடிபட்டன. கண் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தார் பாலைவனத்து ஜெர்பில்களுக்கும் (வறண்ட நிலத்தில் வளை தோண்டி வாழும் எலி வகை) இதே ஊதிய குமிழ் உண்டு. கங்காரு எலியோடு நெருங்கிய உறவு இல்லை, தனியாக வளர்த்துக்கொண்டது.

கால் நீளம், கொத்துவால், திசை மாற்றித் துள்ளல் எல்லாம் காதுக்குப் பிறகுதான். எப்போது துள்ள வேண்டும் என்று தெரியாதவனுக்கு நீளக்கால் எதற்கு?

#15 – வளைநோக்கி

தார் என்றதும் ஒன்று. அங்கே அதிகம் தென்படும் பாலைவன ஜெர்பில், மெரியோனஸ் ஹரியானே, பகலில் திரிவது. ராத்திரி வந்தால்தான் பிழைக்க முடியும் என்ற பொது விதிக்கு அது அடங்காது. குளிர்காலத்தில் வெயில் ஏறிய பிறகு நடுப்பகல் வரை வெளியே. கோடையில் காலையும் மாலையும் மட்டும், நடுவில் வளைக்குள். நேரத்தைத்தான் மாற்றுகிறது. ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் ஈஸ்வர் பிரகாஷ் பல பத்தாண்டுகள் இந்த எலிகளைப் படித்தவர். அவர்கள் காட்டிய இன்னொன்று உணவு: காய்ந்த மாதங்களில் விதை, மழை வந்ததும் பச்சைப் புல், பூச்சி. "விதை மட்டும்" என்பது கூண்டுச் சோதனையின் நிபந்தனை. வெளியில் பச்சை கிடைத்தால் எந்த எலியும் விடாது.

வெள்ளெலி பற்றிக் கேட்டீர்கள். டட்டேரா இண்டிகா என்பது அது. அதே ஜெர்பில் குடும்பம், ஆனால் 100 கிராமுக்கு மேல் எடை, ராத்திரி நடமாட்டம். வெள்ளை வயிறு, பெரிய கண், உடம்பை விட நீளமான வால், நுனியில் கறுப்புக் கொத்து. புன்செய், வேலியோரம், புதர்க்காடு எல்லாவற்றிலும் இருக்கும். பாசன வயல் ஓரத்திலும் இருக்கும். கிழங்கு, பூச்சி, பச்சை எதுவும் தின்னும். கங்காரு எலி அளவுக்குக் கறார் இல்லை.

#16 – புல்வெளி

இன்னொரு விதிவிலக்கு: வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் பருத்த மணல் எலி, சம்மோமிஸ். விதையே தின்னாது. உப்புப் பூண்டின் சதைப்பற்றுள்ள இலைதான் உணவு. தண்ணீர் தாராளம், உப்பும் தாராளம். இலையின் வெளித்தோலில்தான் உப்பு அதிகம், அதைப் பல்லால் சுரண்டித் தள்ளிவிட்டு உள்ளே தின்கிறது, மிச்ச உப்பைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஒரு வகைக் கங்காரு எலி இதே வேலைக்குக் கீழ் முன்பல்லையே உளி மாதிரித் தட்டையாக வைத்திருக்கிறது.

1960களில் இந்த மணல் எலியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து வழக்கமான எலித் தீவனம் போட்டார்கள். சர்க்கரை நோய் வந்தது. இன்றைக்கும் நீரிழிவு ஆய்வில் அது பயன்படுகிறது. வறண்ட நிலத்து எலி என்றாலே தானியம் போடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

#17 – கள்ளிக்காடு

வளைகளை எண்ண, வெப்பம் அளக்க நடைமுறை என்ன? எங்கள் பக்கம் ஒரு செம்மண் தரிசில் முயலலாம் என்று எண்ணம்.

#18 – வளைநோக்கி

எண்ணுவதற்கு: 50க்கு 50 மீட்டர் கட்டம் கயிறு போட்டு, கண்ணில் படும் எல்லா வாயையும் மாலையில் தளர்ந்த மண்ணால் மூடுங்கள். காலால் மிதித்து இறுக்க வேண்டாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்ணிட்ட குச்சி. ராத்திரி எலி என்றால் மறுநாள் காலை வெயில் ஏறும் முன் திறந்திருப்பவற்றை எண்ண வேண்டும். பகல் எலி என்றால் மறுநாள் மாலை. நேரத்தை மாற்றினால் எண் கோணிவிடும். மூன்று நாள் தொடர்ந்து செய்து சராசரி எடுங்கள்.

தப்பு வரும் இடங்கள்: காற்று அடித்த ராத்திரி மணல் தானாக விழுந்து திறந்த வாய் மூடியதாகத் தெரியும். ஓணான், நண்டு, தேரை திறந்ததை எலிக் கணக்கில் சேர்ப்பார்கள். எலி திறந்ததென்றால் வாய்க்கு முன்னால் விசிறி மாதிரிப் புதுமண் சிதறி, மேலே காலடியும் வால் கோடும் இருக்கும். பெரிய தப்பு, திறந்த வாயின் எண்ணிக்கையை எலியின் எண்ணிக்கையாக எழுதுவது. ஒரு வெள்ளெலிக்கு நாலைந்து வாய் இருக்கலாம்.

வெப்பத்துக்கு: பட்டன் அளவுப் பதிவுக்கருவி கிடைக்கிறது. வாயில் வைத்து எடுத்த எண்ணை வளை வெப்பம் என்று போடாதீர்கள், அது நிழல் வெப்பம்தான். மெல்லிய கம்பியில் கட்டிக் குறைந்தது அரை மீட்டர் உள்ளே தள்ளி, பிறகு வாயை மண்ணால் அடையுங்கள். அடைக்காவிட்டால் ஈரப்பத எண்ணுக்கு மதிப்பே இல்லை. முதல் 24 மணி நேரப் பதிவைத் தள்ளிவிடுங்கள், நீங்கள் கிளறிய காற்று அதில் இருக்கும். பக்கத்திலேயே 10, 30, 60 செ.மீ. ஆழத்தில் வெறும் மண்ணிலும் ஒவ்வொன்று புதையுங்கள். அப்போதுதான் வளையால் கிடைத்தது எவ்வளவு, வெறும் ஆழத்தால் கிடைத்தது எவ்வளவு என்று பிரிக்க முடியும்.

#19 – செம்புலம்

செம்மண் தரிசு என்றால் என் 8 செ.மீ.யை அப்படியே போட வேண்டாம். அது காய்ந்த மணலுக்கு. மண்ணில் ஈரம் இருந்தால் வெப்பம் வேகமாகக் கடக்கும், 8 என்பது 12, 14 என்று கூடும். மழைக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக அளங்கள்.

#20 – வளைநோக்கி

கம்பியின் வெளிமுனையை ஒரு கல்லில் கட்டிவிடுங்கள். வாயை அடைக்க எலி உள்ளிருந்து மண் தள்ளும்போது கருவியையும் சேர்த்துத் தள்ளிப் புதைத்துவிடும், தோண்டாமல் எடுக்க முடியாது.